பால் பொங்கிய அறைகள்

உமையாள் படிக்கப் போன ஊரின் பெயர் அவள் அம்மா செண்பகவல்லிக்குக் கடைசிவரை வாயில் வரவில்லை, இரண்டாவது எழுத்திலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது, அதனால் அவள் அதை 'உமா ஊர்' என்றே சொன்னாள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் தொடங்கிக் குன்றின் உச்சிவரை படிப்படியாக ஏறுகிற ஊர் அது, உச்சியில் எழுநூறு வருஷமாக மணியடித்துப் பாடம் நடத்துகிற பல்கலைக்கழகம், கறுப்பு அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிற பிள்ளைகள், ஒரு வீட்டின் மொட்டைமாடியும் அடுத்த வீட்டின் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கிற தெருக்கள். அங்கே ஆறு வருஷம் ஆற்று வண்டலை ஆராய்ச்சி செய்த மகள் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள் என்று, அம்மாவும் அப்பாவும் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பிப் பத்து நாள் பயணமாக வந்து இறங்கினார்கள்.

"அம்மா, அப்பாவுக்குக் குளிருதான்னு கேளு" என்றாள் உமா, விமான நிலைய வாசலில்.

அப்பா ஆவுடையப்பன் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குரங்குக் குல்லாயோடு நின்றிருந்தார். "குளிரலன்னு சொல்லு" என்றார்.

செண்பகவல்லி கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் அந்த வீட்டில் ஆறு வருஷமாக அப்பாவின் பேச்சு மகளுக்கும், மகளின் பேச்சு அப்பாவுக்கும் அவள் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் நின்றாலும் சரி, கடல் தாண்டி இருந்தாலும் சரி.

சண்டை இதுதான். தென்காசி மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்ற வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, மண்டபம் பேசி, லட்டுக்குச் சொல்லி, சொந்தம் அத்தனைக்கும் தகவல் போன பிறகு, எனக்குக் கல்யாணம் இப்போது வேண்டாம், படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று உமா ஒரு கடிதத்தை நீட்டினாள். சேற்றைப் படிக்கக் கடல் தாண்ட வேண்டுமா என்று கேட்டார் ஆவுடையப்பன். ஆமாம் என்றாள் அவள். கூடத்தில் பதினேழு பேர் உட்கார்ந்திருக்க, இனி எனக்கும் இவளுக்கும் பேச்சு கிடையாது என்று சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் அடுத்த தீபாவளிக்குள் மறந்திருப்பார். இவரோ ஸ்டேஷன் மாஸ்டர், அடுத்த ஸ்டேஷனுக்குப் போனில் ஒரு வார்த்தை கொடுத்தால் அதை நம்பி ஆயிரம் பேர் ரயிலில் வருவார்கள், சொன்ன சொல்லை நினைத்தபடி திருப்பி வாங்குவது முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அவர் செய்யாத காரியம். மகளும் அவருக்குப் பிறந்தவள்தானே, அவளும் பேசவில்லை.

இந்தப் பயணத்தில் செண்பகவல்லிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. திரும்பி விமானம் ஏறுவதற்குள் இந்த இரண்டு பேரும் முகம் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அவளுக்கு அறுபது ஆகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, நடுவில் நிற்கிற ஆள் ஒருநாள் இல்லாமல் போனால் இந்த வீட்டில் பேச்சே நின்றுபோகுமே என்ற பயம் கொஞ்ச நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

பட்டமளிப்பு வாரம் என்பதால் ஊரில் ஒரே இடத்தில் அத்தனை நாளைக்கு அறை கிடைக்கவில்லை, உமாவின் மாணவர் விடுதியில் விருந்தாளிகளை விட மாட்டார்கள், எனவே நாலு பூட்டிக் ஹோட்டல்களில் இரண்டிரண்டு நாள், மூன்று நாள் என்று அவள் பிய்த்துப் பிய்த்து இடம் பிடித்திருந்தாள். பூட்டிக் ஹோட்டல் என்றால் பத்து அறைக்கு மேல் இருக்காது, ஒவ்வொன்றும் முதலாளியின் மனசுப்படி ஒவ்வொரு தினுசாக இருக்கும், கட்டிலில் இரண்டு பேருக்கு ஏழு தலையணை கிடக்கும். முதல் ஹோட்டல் பழைய மருந்துக்கடை, சுவரெல்லாம் நீல ஓடு, கஷாயம் வைத்திருந்த ஜாடிகளில் இப்போது சோப்பு. அதன் முதலாளி டெல்ஃபினா என்ற அகலமான அம்மாள், உமாவுக்கு ஏற்கெனவே பழக்கம், சாவியைக் கொடுத்துவிட்டுச் செண்பகவல்லியின் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது, தப்பு என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். கல்யாணமானதிலிருந்து செண்பகவல்லி பதினோரு ரயில்வே குவார்ட்டர்ஸ் மாறியவள், எந்த வீட்டுக்குள் காலடி வைத்தாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் பால் காய்ச்சுவாள், பால் பொங்கி வழிந்தால்தான் அது வீடு, அதுவரை அது சும்மா சுவர். ஹோட்டலானால் என்ன, இரண்டு நாள் தலை சாய்க்கிற இடம்தானே என்று, கடையில் பால் வாங்கிவரச் சொல்லி, கிழக்கு எது என்று மகளிடம் கேட்டு, அறையில் இருந்த எலெக்ட்ரிக் கெட்டிலில் ஊற்றிச் சுவிட்சைத் தட்டினாள். பால் பொங்கியது, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது, மேஜையில் ஓடியது, மாடி முழுக்க மின்சாரம் போனது. ஓடிவந்த டெல்ஃபினாவுக்கு அரை டம்ளர் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள், அவளும் குடித்துவிட்டு மின்சாரத்தைச் சரிசெய்யப் போனாள். கிளம்புகிற அன்று செண்பகவல்லி படுக்கையை உதறி விரித்தாள், ஏழு தலையணையையும் உயர வரிசைப்படி நிறுத்தினாள், வாஷ்பேசினைத் தேய்த்துக் கழுவினாள், துடைப்பம் இல்லாததால் செய்தித்தாளை மடித்துத் தரையைப் பெருக்கினாள். வேலைக்கு வருகிற பெண் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள் என்று அவளுக்கு.

இரண்டாவது ஹோட்டலுக்கு மாறிய மறுநாள் காலையில் டெல்ஃபினா உமாவுக்குப் போன் செய்தாள். உன் அப்பாவும் அம்மாவும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், வயசு மட்டும் குறைந்திருக்கிறது, அதில் எனக்கு ஒன்றுமில்லை, அந்தப் பெண் தலையில் வைத்திருக்கிற ஆரஞ்சுப் பூவைக் கழற்றினால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றாள்.

மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஜன்னலோர மேஜையில் கனகாம்பரமும் கூறைச் சேலை மடிப்புமாக இருபத்தைந்து வயசுச் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள், எதிரே அடர்ந்த மீசையோடு முப்பது வயசு ஆவுடையப்பன், இரண்டு பேருக்கும் நடுவே ரொட்டிக்கூடை, யார் முதலில் எடுப்பது என்று கூச்சம். செண்பகவல்லி தன் பழைய இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஆவுடையப்பன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்தக் கோடு போட்ட சட்டை அப்புறம் எங்கே போயிற்று என்று கேட்டார்.

ஏன் இப்படி என்று ஊரில் யாரும் பெரிதாகத் துருவவில்லை. பால் பொங்கிய பிறகு அந்த அறை தன்னை வீடு என்று நினைத்துக்கொண்டது, வீடு காலியாகக் கிடக்க மனசில்லாமல் வந்தவர்களின் ஒரு வயசை எடுத்து வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். இயற்பியல் துறையிலிருந்து ஒருவர் கருவிகளோடு வந்து அறையை நீள அகலம் அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போனார். சட்டத் துறைப் பேராசிரியரிடம் கேட்டதற்கு, ஒருமுறை அறையைக் காலி செய்தவரை மறுபடி காலி செய்யச் சொல்லச் சட்டத்தில் வழியில்லை என்று தீர்த்துச் சொன்னார். அந்த அறைக்குப் பதிவு செய்திருந்த வேற்றூர்த் தம்பதியை டெல்ஃபினா தன் சொந்தப் படுக்கையறையில் படுக்க வைத்தாள். எழுநூறு வருஷமாகப் பிள்ளைகள் வருவதும் படிப்பதும் பட்டம் வாங்கியதும் திரும்பிப் பார்க்காமல் போவதுமாகவே பார்த்துப் பழகிய ஊர் அது, வந்தவர்களில் இரண்டு பேராவது தங்கினார்களே என்று அந்த ஊருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்று போனார்கள். ரொட்டிக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் தினம் பாதாம் பணியாரம் அனுப்பினார். ஹோட்டல் முதலாளிகள் கூடிக் கெட்டிலை எடுத்துவிடலாமா என்று விவாதித்தார்கள், எடுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று, அடுத்து இவர்கள் யாரிடம் தங்குவது என்பதில்தான் சண்டை வந்தது. பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகளில் சிலர் தாங்களும் பால் காய்ச்சிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, பொங்கி வரும்போதே பதறிப்போய் அடுப்பை அணைத்துவிட்டார்களாம்.

இரண்டாவது ஹோட்டல் பழைய அச்சுக்கூடம், இழுப்பறைகளில் இன்னும் ஈய எழுத்துகள் கிடந்தன. அங்கேயும் செண்பகவல்லி பால் காய்ச்சியிருந்தாள், அவர்கள் மூன்றாவது ஹோட்டலுக்குப் போனதும் அச்சுக்கூடம் அவர்களை உமாவுக்கு ஆறு வயசாக இருந்தபோது எப்படி இருந்தார்களோ அப்படி எடுத்து வைத்துக்கொண்டது. அந்த ஆவுடையப்பனுக்கு முப்பத்தெட்டு வயசு, தொப்பை இன்னும் வரவில்லை, டியூட்டி முடிந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் நடந்ததை மகள் ஒப்பிக்க ஒப்பிக்க மோவாயில் கை வைத்துக் கேட்பாரே, அந்த ஆள். அவர்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று பார்த்து வருகிறேன் என்று உமா ஒருநாள் போனாள், மறுநாள் போனாள், பிறகு காலையும் சாயங்காலமும் போனாள்.

செண்பகவல்லி மூன்றாம் நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அச்சுக்கூடத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பத்துமூன்று வயசு மகள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள், ஆற்றில் படகு கவிழ்ந்தது, வழிகாட்டிப் பேராசிரியர் கோபித்துக்கொண்டது, முதல் குளிர்காலத்தில் கஞ்சி வைக்கத் தெரியாமல் அழுதது, எல்லாவற்றையும். முப்பத்தெட்டு வயசு அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஆள் யார், ஏன் இவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்ற கேள்வியே அவருக்கு இல்லை, தன் மகள் பேசினால் தெரியாதா. பார்த்துக்கொண்டிருந்த செண்பகவல்லிக்குச் சந்தோஷமாக இருந்தது, உமா வெளியே வந்து பேசுகிறவரை.

"இனிமே நீ கவலைப்படாதம்மா" என்றாள் உமா. "சொல்ல வேண்டியதெல்லாம் அப்பாட்ட சொல்லிட்டேன். மனசு லேசா இருக்கு."

"எந்த அப்பாட்ட?"

"இந்த அப்பாட்டதான். இவர் இங்கனதான இருக்கப் போறாரு. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா ஊருக்குப் போங்க."

செண்பகவல்லி அன்று படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினாள். சேர்த்து வைக்க வந்த இடத்தில் தன் கையாலேயே பால் காய்ச்சிப் பிரித்து வைத்துவிட்டோமே என்று தோன்றியது. கோபமில்லாத அப்பா ஒருவர் இங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, ஊரில் முறைத்துக்கொண்டு இருக்கிற அப்பா மகளுக்கு எதற்கு? நடந்ததை அவள் கணவனிடம் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாடி வழியாக அரைமணி நேரம் பார்த்தார், திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"அவ சொல்லச் சொல்ல நல்லா கேக்கான்" என்றார். "எனக்கு அது மறந்து போச்சு செம்பவம்."

மூன்றாவது ஹோட்டல் ஒரு காலத்தில் கன்னியர் மடம், ஒடுக்கமான அறைகள், ஒற்றைக் கட்டில்கள், சுவரில் ஒரு படம்கூட இல்லை. அங்கே வந்திறங்கியபோதே பால் காய்ச்சியாயிற்று, அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. நாலாவது ஹோட்டல் ஆற்றங்கரையில் இருந்த பழைய மாவு மில், அதற்கு மாறியபோது செண்பகவல்லி பாலே வாங்கவில்லை, கெட்டிலைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பட்டமளிப்புக்கு இரண்டு நாள் இருந்தது, அதற்கு மறுநாள் விமானம்.

மடம் வைத்துக்கொண்டது ஒரே ஒரு ஆளை. வெள்ளை யூனிஃபார்மில், மடியில் சுருட்டிய பச்சைக் கொடியோடு, ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆவுடையப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். உமா ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் அது. அவர் வேலை பார்த்த ஸ்டேஷனில்தான் தாயும் மகளும் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். லீவு போட்டிருக்கலாம், போடவில்லை, பச்சைக்கொடி காட்டியபோது சிக்னலைப் பார்த்தாரே தவிர மகள் உட்கார்ந்திருந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. அதை உமா மறக்கவே இல்லை, அதனால் மடத்துப் பக்கம் போக முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஆள் சாப்பிடவில்லை என்பதுதான் ஊருக்குக் கவலையாகிவிட்டது. சூப் வைத்துப் பார்த்தார்கள், மீன், முட்டை, பாலில் வேகவைத்த அரிசி என்று வைத்துப் பார்த்தார்கள், தொடவில்லை. மருத்துவத் துறையிலிருந்து வந்தவர் நாடி பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை, எதற்காகவோ காத்திருக்கிறார் என்றார். இரண்டாம் நாள் டெல்ஃபினா தலைமையில் மடத்துப் படிக்கட்டு முழுக்க மூடிய பாத்திரங்களோடு ஜனங்கள் நின்றார்கள், புதுத் தம்பதியைக் கொண்டாடியவர்களும் அச்சுக்கூடத்து அப்பாவோடு கை குலுக்கியவர்களும் இந்த மூன்றாவது ஆளுக்காகத் தங்கள் வீட்டுச் சமையலைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். செண்பகவல்லி தயிர்சாதம் பிசைந்து எடுத்துப் போனாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ரயில்லல்லா போயிட்டிருக்க" என்றார். "வண்டி போய்ச் சேந்துட்டா?"

சேர்ந்து ஆறு வருஷமாயிற்று என்று அவள் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

தயிர்சாதத்தை அப்படியே கொண்டுவந்து மில்லில் மேஜைமேல் வைத்து, நடந்ததைச் செண்பகவல்லி சொன்னபோது மத்தியானம் இரண்டரை மணி, வாடகை அங்கி அளவு சரியாக இருக்கிறதா என்று அம்மாவிடம் காட்ட உமாவும் வந்திருந்தாள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் உரிப்பதை நிறுத்தினார். அன்றைக்கு நடந்ததை முதல் தடவையாகச் சொன்னார், ஆற்றைப் பார்த்துச் சொன்னார். கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறைகிறவரை நின்றாராம், பிறகு ரூமுக்குள் வந்து உட்கார்ந்தாராம், எத்தனையோ வண்டி வந்தது போனது, எல்லாவற்றுக்கும் கொடி காட்டினாராம், மூன்று நாள் அவர் கொண்டுபோன சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவே இல்லையாம். செண்பகவல்லிக்கு அந்தக் கேரியர் ஞாபகம் வந்தது. சென்னையிலிருந்து திரும்பியதும், ஊசிப்போன குழம்பும் பூசணமுமாக அதைப் பார்த்து, ஹோட்டலில் தின்றுவிட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் வைத்திருக்கிறீர்களே என்று அவள் காட்டுக் கத்தல் கத்தியிருந்தாள். அவர் அப்போது வாயே திறக்கவில்லை.

"உமா" என்றார் ஆவுடையப்பன்.

உமா பழக்கத்தில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவன் எந்திரிக்க மாட்டான்" என்றார் அவர். எனக்காக வா என்று கேட்க அவருக்கு இந்த ஜென்மத்தில் வாய் வந்திருக்காது, அந்த இன்னொரு மனுஷனுக்காகக் கேட்க வந்தது. "வண்டி முழுசா வந்து சேந்துட்டுன்னு அடுத்த ஸ்டேஷன்ல இருந்து தகவல் வரணும். வராம நாங்க நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டோம். நீ எறங்குன ஒடனே உங்கம்மைக்கு போன் போட்ட. அவனுக்கு யாரும் சொல்லல. நீ போயி ஒரு வார்த்தை சொல்லணும்."

"உங்களுக்கு?" என்று கேட்டாள் உமா.

"எனக்கும்தான் யாரும் சொல்லல."

உமா அங்கியைக் கழற்றக்கூட இல்லை, தயிர்சாதக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். ஆற்றிலிருந்து மடத்துக்கு நூற்றுக்கு மேல் படி, முட்டிவலிக்காரரான ஆவுடையப்பன் முன்னால் ஏறினார், மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், செண்பகவல்லி பின்னால் போனாள். பாத்திரங்களோடு நின்றிருந்த ஜனங்கள் சுவரோடு ஒண்டி வழிவிட்டார்கள். அறையில் அந்த மனுஷர் இருந்தபடியே இருந்தார், கொடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உமா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா. நான் வந்து சேந்துட்டேன். முழுசா வந்து சேந்துட்டேன்."

"எத்தன மணிக்கு?" என்று கேட்டார் அவர், தகவல் என்றால் நேரம் இல்லாமல் அது தகவலே இல்லை.

உமா திரும்பித் தன் பின்னால் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தாள், அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், அழுதுகொண்டிருந்தார். "இப்பத்தான்பா" என்றாள் அவரிடம். "மூணு பத்து."

உட்கார்ந்திருந்தவர் கொடியை ஜன்னல் விளிம்பில் வைத்தார். உமா சாதத்தை உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள், அவர் சாப்பிட்டார், இன்னொரு உருண்டை வைத்தாள், அதையும் சாப்பிட்டார். மூன்றாவது உருண்டையை அவள் எடுத்தபோது பக்கத்தில் இன்னொரு கை வந்து நீண்டிருந்தது, வயசான கை. அதற்கும் வைத்தாள்.

செண்பகவல்லி அப்போது வெளியே வந்து கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். டெல்ஃபினா தன் பாத்திரத்தைத் திறந்து, ஏதோ பட்டாணி போட்ட சாதம், ஒரு ஸ்பூனையும் கூட வைத்து அவளிடம் நீட்டினாள், இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார்கள். உள்ளே உமா இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள், போதும்மா என்றார் ஆவுடையப்பன், குளிருதாப்பா என்று கேட்டாள், ஆமா குளிருது, வந்ததிலிருந்தே குளிருது என்றார். செண்பகவல்லி கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். உள்ளே இருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை.